11 தங்கம் வென்றவர் ரயிலிலிருந்து தவழ்ந்து இறங்கினார் என்றால், அந்தப் பதக்கங்களால் என்ன மாறியது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். பாராலிம்பிக்கில் 11 தங்கப் பதக்கங்கள் வென்றவரும் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவை உறுப்பினருமான டானி கிரே-தாம்சன், உதவிக்கு எவரும் வராததால் 2024 ஆகஸ்ட் மாதம் லண்டனில் ஒரு ரயிலிலிருந்து தவழ்ந்து இறங்க நேர்ந்தது. அப்படியென்றால் அவருடைய வெற்றிகளாலும், அவர் இத்தனை ஆண்டுகளாகப் பேசிவருவதாலும் மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒருவர் வெல்லும் பதக்கம், அவரைப் போன்ற உடல்நிலை உள்ள மற்றவர்கள் விளையாட வழி திறக்கிறதா என்பது ஒன்று. அந்தப் பதக்கம் தந்த செல்வாக்கைக் கொண்டு அவர் செய்யும் பொதுப்பணி பலன் தருகிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பெரும்பாலும் இல்லை என்பேன். இரண்டாவதற்கு ஆம் என்பேன், ஆனால் அந்தப் பலனை விளையாட்டரங்குக்கு வெளியே தேட வேண்டியிருக்கிறது.

நான் இயன்முறை மருத்துவம் பயின்று, தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களோடும் சக்கர நாற்காலிப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்களோடும் பல ஆண்டுகளாக வேலை செய்துவருபவன். உடலையும் நாற்காலியையும் பயிற்சியையும் பற்றிக் கீழே சொல்வது அந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது. பிரிட்டனின் சட்டத்தையும் நிர்வாகத்தையும் பற்றிச் சொல்வது வெளியிலிருந்து படித்துத் தெரிந்துகொண்டது. அதற்கு அந்த அளவு எடை மட்டும் கொடுத்தால் போதும்.

ரயில் நிகழ்வைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். பாராலிம்பிக் போட்டிகளுக்காகப் பாரிஸ் செல்லும் வழியில் அவர் லீட்ஸ் நகரிலிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு இரவில் வந்து சேர்ந்தார். சாய்தளம் கொண்டுவர வேண்டிய ஊழியர்கள் வரவில்லை. நேரம் கடந்த பிறகு தம் பொருள்களை நடைமேடைக்கு நகர்த்திவிட்டு, வாசலில் தரையில் அமர்ந்து, தவழ்ந்து இறங்கினார். ரயில் நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது. அவர் முதலில் பதிவு செய்திருந்த ரயிலைத் தவறவிட்டு அடுத்த ரயிலில் ஏறியவர் என்பதைச் சுட்டிக்காட்டி, தவறு அவருடையது என்று வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒரு ரயிலைத் தவறவிட்ட எவரும் அடுத்ததில் ஏறிக்கொள்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் அந்தச் சிறு சுதந்திரம் வேறு ஒருவர் நினைவில் வைத்து வந்து நிற்பதைப் பொறுத்திருக்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் அவர் முப்பது ஆண்டுகளாகப் பேசிவருகிறார்.

அவருடைய விளையாட்டு வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் தொடக்கத்திலேயே உங்கள் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது. 1969இல் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் ஸ்பைனா பைஃபிடா என்னும் பிறவிக் குறைபாட்டோடு அவர் பிறந்தார். கரு உருவாகும் முதல் வாரங்களில் முதுகெலும்பு முழுமையாக மூடிக்கொள்ளாமல் போவதால் ஏற்படும் நிலை இது. பாதிப்பு முதுகின் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவர் ஊன்றுகோலின்றி நடக்கலாம். மற்றொருவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போகலாம். சிறு குழந்தையாக நடந்த டானி, உடல் வளர வளர அந்தத் திறனை இழந்து ஏழு வயதளவில் சக்கர நாற்காலிக்கு மாறினார். அன்றைய பிரிட்டனில் அத்தகைய குழந்தைகளைத் தனிச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கம். அவருடைய பெற்றோர் அதை ஏற்காமல் கல்வித் துறையோடு போராடி, மகளைப் பொதுப் பள்ளியில் சேர்த்தார்கள். பதின்ம வயதில் சக்கர நாற்காலிப் பந்தயத்துக்கு வந்தவர், பிறகு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த ஓடுதளமும் உடன் பயிற்சி செய்தவர்களும் அவரை வீராங்கனை ஆக்கினார்கள் என்றால், அங்கே போய்ச் சேரும் தகுதியை அவருக்குத் தந்தது அந்தப் பொதுப் பள்ளி. பள்ளிக் கதவு திறக்காமல் போயிருந்தால் அந்தக் கைகளின் வலிமை வெளியே தெரியாமலே போயிருக்கக்கூடும்.

பந்தய நாற்காலியைப் பார்த்திராதவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அது அன்றாடம் பயன்படுத்தும் நாற்காலியின் வேகமான வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முற்றிலும் வேறொரு கருவி. நீண்ட உடலும் முன்னே ஒற்றைச் சக்கரமும் பின்னே உட்பக்கம் சாய்ந்த இரு பெரிய சக்கரங்களும் கொண்டது. ஓடுபவர் கால்களை உடலுக்குக் கீழே மடக்கி, ஏறக்குறைய மண்டியிட்ட நிலையில், மார்பை முன்னே தாழ்த்தி அமர்கிறார். சக்கரத்தோடு இணைந்த சிறு வளையத்தைக் கையால் பற்றிச் சுழற்றுவதில்லை. கெட்டியான கையுறை அணிந்த முட்டியால் அடித்துத் தள்ளி விடுவிக்கிறார். வளைவில் திரும்பும்போது கை ஓய்ந்தால் வேகம் போய்விடும் என்பதால், முன்சக்கரத்தை வளைவுக்கு ஏற்றபடி முன்பே சரிசெய்து வைத்திருக்கும் ஒரு நெம்புகோலை ஒரே தட்டில் மாற்றுகிறார். இந்தப் பந்தயங்களில் உடல் எந்த அளவு இயங்குகிறது என்பதைப் பொறுத்து வீரர்களை வகை பிரிக்கிறார்கள். டானி போட்டியிட்ட டி53 வகையில் இருப்பவர்களுக்குக் கைகள் முழு வலிமையோடு இருக்கும். வயிற்றுத் தசைகளும் கீழ்முதுகுத் தசைகளும் வேலை செய்யாது. அடுத்த வகையான டி54இல் உடலின் நடுப்பகுதியும் ஓரளவோ முழுமையாகவோ இயங்கும். புறப்படும் முதல் சில தள்ளல்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும், ஏனெனில் உடம்பை நிலைநிறுத்தும் தசை இல்லாதவர் ஒவ்வொரு தள்ளலின் எதிர்விசையையும் தோள்களாலேயே தாங்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தோள்களைப் பற்றி ஒரு மருத்துவக் குறிப்பு. ஓட்டப்பந்தய வீரர் பயிற்சி முடிந்ததும் கால்களுக்கு ஓய்வு தரலாம். சக்கர நாற்காலி வீரருக்கு அது இயலாது. பயிற்சியில் களைத்த அதே தோள்கள்தான் அவரைக் கட்டிலுக்கும் காருக்கும் கழிப்பறைக்கும் தூக்கி மாற்ற வேண்டும். ஆகவே தூக்கி மாற வேண்டிய உயரம் ஒவ்வொன்றும், சாய்தளம் இல்லாத படி ஒவ்வொன்றும் அவருடைய பயிற்சிக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. கட்டடத்தின் அமைப்பும் விளையாட்டின் தரமும் வெவ்வேறு விஷயங்கள் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

1988இல் தென் கொரியாவின் சோல் நகரில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றதே அவருடைய முதல் பாராலிம்பிக் பதக்கம். அந்தப் போட்டி வேறொரு வகையிலும் முக்கியமானது. 1964க்குப் பிறகு ஒலிம்பிக் நடந்த அதே நகரில் கோடைக்காலப் பாராலிம்பிக் நடந்தது அப்போதுதான். அதற்கு முந்தைய 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடக்கவிருந்த சக்கர நாற்காலிப் போட்டிகள் பணம் திரளாததால் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவிலுக்கு மாற்றப்பட்டிருந்தன. 1992இல் பார்சிலோனாவில் அவர் 100, 200, 400, 800 மீட்டர் நான்கிலும் தங்கம் வென்றதோடு, பெண்கள் சக்கர நாற்காலிப் பந்தயத்தில் 400 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் கடந்த முதல் வீராங்கனையும் ஆனார். 1996இல் அட்லாண்டாவில் 800 மீட்டரில் மட்டுமே தங்கம் கிடைத்தது. மற்ற மூன்றிலும் அமெரிக்காவின் பதின்ம வயது லீ ஆன் ஷானன் முந்திவிட்டார். அத்தோடு முடிந்தது என்று பலரும் எண்ணியிருக்கக்கூடிய நிலையிலிருந்து மீண்டு, 2000இல் சிட்னியில் மறுபடியும் நான்கு தங்கம் வென்றார். எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. 2004இல் ஏதென்ஸில் 800 மீட்டரில் பதக்கத்தைத் தவறவிட்டு, 100, 400 மீட்டர்களில் தங்கம் வென்றார். மொத்தம் 16 பதக்கங்கள், அவற்றில் 11 தங்கம். லண்டன் மாரத்தானின் பெண்கள் சக்கர நாற்காலிப் பிரிவில் 1992 முதல் 2002 வரை ஆறு முறை முதலிடம். 2007இல் ஓய்வு பெற்றார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாராலிம்பிக் பதக்கங்களை எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிடுவது சரியல்ல. வகைப்பாடுகள் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டுள்ளன. சில வகைகளில் போட்டியாளர்கள் மிகக் குறைவு. ஒரு வகைக்குரிய போட்டி ஒரு முறை நடத்தப்பட்டு அடுத்த முறை கைவிடப்படுவதும் உண்டு. டானியின் பதக்கங்களை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் எண்ணிக்கை அன்று. 100 மீட்டருக்கு வேண்டிய வெடிப்பு வேகமும் மாரத்தானுக்கு வேண்டிய தாக்குப்பிடிக்கும் திறனும் ஒரே உடலில் பதினாறு ஆண்டுகள் நிலைத்திருந்தன என்பதே காரணம். காலால் ஓடுபவர்களிடம் அப்படி ஒரு சேர்க்கையை எதிர்பார்க்கவே மாட்டோம். சக்கர நாற்காலியில் உருளும் வேகம் கைகொடுப்பதால் அது இயலும், ஆயினும் எளிதில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். ஒருவருடைய பதக்கம் மற்றவர்களுக்கு வழி திறக்கிறதா? சிட்னியில் நான்கு தங்கம் வென்ற அதே 2000ஆம் ஆண்டின் முடிவில், பிபிசி நடத்தும் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமைக்கான வாக்கெடுப்பில் டானி மூன்றாவதாக வந்தார். பொதுமக்கள் அவருக்கு வாக்களித்திருந்தார்கள். அதாவது அவருடைய திறமை அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஆனால் பரிசு பெறுவோர் ஏறிச் செல்ல வேண்டிய மேடைக்குச் சாய்தளம் இல்லை. மற்றவர்கள் மேடையில் நிற்க, அவர் கீழேயே இருக்க வேண்டியதாயிற்று. நேயர்களிடமிருந்து எழுந்த கண்டனத்துக்குப் பிறகு பிபிசி மன்னிப்புக் கேட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர் வெல்லக்கூடும் என்று தெரிந்திருந்தும் மேடை கட்டியவர்களுக்குச் சாய்தளம் தோன்றவில்லை. ஆகவே புகழ் தானாகக் கட்டடத்தை மாற்றாது என்பதை உறுதியாகச் சொல்லலாம். பயிற்சிக்கு வருபவர்களிடமும் நான் காண்பது இதுவே. தொலைக்காட்சியில் பந்தயம் பார்த்து ஆர்வத்தோடு வருபவர் உண்டு. அவர் மூன்றாவது வாரம் வராமல் போனால் பெரும்பாலும் அதற்குக் காரணம் ஆர்வக் குறைவு இல்லை. நாற்காலி நுழையாத உடைமாற்றும் அறையாகவோ, தனியே வர முடியாத பயணமாகவோ, அல்லது இது உங்களுக்குச் சரிப்படாது என்று முதல் நாளே சொல்லிவிட்ட பயிற்சியாளராகவோ இருக்கும். பந்தய நாற்காலியின் விலையும் அதில் சேரும். அது ஒவ்வொரு உடலின் அளவுக்கும் தனியே செய்யப்படுவதால், இரவல் நாற்காலியில் தொடங்குபவர் தம் உண்மையான வேகத்தை அறியாமலே விலகிவிடுவதும் நடக்கிறது.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. டானி 2010இல் எந்தக் கட்சியையும் சாராத உறுப்பினராகப் பிரபுக்கள் அவைக்குச் சென்றார். அதன் பிறகு அவர் செய்தவற்றைப் பார்த்தால் பாராலிம்பிக் என்ற சொல் குறைவாகவும், பள்ளி, ரயில், நிர்வாகம் ஆகியவை அதிகமாகவும் வருகின்றன. 2013இல் வேல்ஸ் அரசு அமைத்த ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி, உடற்கல்வியை மொழிக்கும் கணிதத்துக்கும் இணையான முதன்மைப் பாடமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். இதற்குள் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் நிலையும் அடங்கியிருக்கிறது, ஏனெனில் உடற்கல்வி ஓரமாகக் கிடக்கும் பள்ளியில் சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையை அந்த வகுப்பு நேரத்தில் வேறெங்காவது அமரவைப்பது எவருக்கும் உறுத்துவதில்லை. பாடத்துக்கு மதிப்பு வந்தால் விடுபட்ட குழந்தையும் கண்ணில் படும். 2017இல் பிரிட்டன் அரசுக்காக, விளையாட்டு அமைப்புகள் தம் வீரர்களிடம் காட்ட வேண்டிய அக்கறைப் பொறுப்பைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தார். வீரர்களின் முறையீடுகளைக் கேட்கத் தனி அதிகாரி ஒருவர் வேண்டும் என்றும், ஒவ்வொரு விளையாட்டு அமைப்பின் நிர்வாகக் குழுவிலும் இந்தப் பொறுப்பை ஏற்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்றும் அதில் கேட்டார். 2022இல் வேல்ஸின் விளையாட்டு வளர்ச்சிக்கான அரசு அமைப்பின் தலைவரானார்.

இவற்றின் விளைவைச் சொல்லும்போது நிதானம் வேண்டும். வேல்ஸ் பரிந்துரையையே எடுத்துக்கொள்வோம். அவர் கேட்ட வடிவில் அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் 2022இல் தொடங்கிய வேல்ஸின் புதிய பாடத்திட்டத்தில் உடல்நலமும் நல்வாழ்வும் ஆறு கற்றல் துறைகளில் ஒன்றாக இடம்பெற்றது. இதற்கு அவருடைய அறிக்கை காரணமா என்றால், ஒரு பங்கு இருக்கலாம் என்பதற்கு மேல் நேர்மையாகச் சொல்ல முடியாது. கல்விச் சீர்திருத்தம் பலருடைய உழைப்பால் உருவாவது. முறையீட்டு அதிகாரி என்ற பரிந்துரை பல ஆண்டுகள் கிடப்பிலேயே இருந்தது. இதேபோல, 2012 லண்டன் பாராலிம்பிக் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய பொதுமக்களின் பார்வையை மாற்றியது என்பதை நான் நம்புகிறேன். அதனால் விளையாடும் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை நிலையாக உயர்ந்தது என்று எவரேனும் சொன்னால் தயங்குவேன். பார்வை மாறுவதற்கும் பழக்கம் மாறுவதற்கும் நடுவே மேலே சொன்ன உடைமாற்றும் அறையும் பேருந்தும் நிற்கின்றன.

ஆனால் ஐயமில்லாத ஒரு பலன் உண்டு. கோரிக்கையின் வடிவத்தையே மாற்றுவதில் அவருக்குப் பங்கு இருக்கிறது. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1948இல் மருத்துவர் லுட்விக் குட்மான் 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தியபோது, அது நோயாளிகளை மீட்கும் சிகிச்சையின் நீட்சியாக இருந்தது. என் துறையின் முன்னோடி அவர். அவர்மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆயினும் அந்தப் பார்வையில் விளையாடுபவர் என்றும் நோயாளியாகவே இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. டானியும் அவர் காலத்தவரும் தங்களை வீரர்களாகப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு பொதுவாழ்வில் அவர் அதற்கும் அடுத்த படியை எடுத்தார்: எங்களைப் பயணிகளாக, மாணவர்களாக, உறுப்பினர்களாகப் பாருங்கள் என்றார். பரிவால் கிடைக்கும் உதவி, பரிவு இல்லாத நாளில் நின்றுவிடும். உரிமையாகக் கிடைப்பது அப்படி நிற்காது. ரயில் நிகழ்வுக்குப் பின் அவர் தமக்கு நேர்ந்த அவமதிப்பைப் பற்றிப் பேசி நிறுத்திக்கொள்ளாமல், 2020 ஜனவரி 1க்குள் ரயில் பெட்டிகள் அணுகத்தக்கவையாக மாற வேண்டும் என்று சட்டம் வைத்திருந்த கெடுவை நினைவூட்டினார். பெயர் தெரியாத ஒருவர் தவழ்ந்து இறங்கியிருந்தால் அது ஒரு புகார்க் கடிதத்தோடு முடிந்திருக்கும். அவருக்கு நேர்ந்ததால் ஒரு நாடே அந்தக் கெடுவைப் பற்றிப் பேசியது. பதக்கங்கள் எதற்குப் பயன்பட்டன என்று கேட்டீர்கள்; இந்த வகையில் பயன்பட்டன.

இதைச் சொல்லும்போது ஒரு கவலையும் இருக்கிறது. உரிமையைக் கேட்கப் பதக்கம் வேண்டும் என்ற எண்ணம் பரவினால் அது தீங்கு. ஸ்பைனா பைஃபிடா உள்ள குழந்தைகளின் பெற்றோர் என்னிடம் டானியின் படத்தைக் காட்டி, எங்கள் பிள்ளையும் இப்படி வருவாளா என்று கேட்பதுண்டு. பெரும்பாலான குழந்தைகள் வரமாட்டார்கள், எந்தக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் ஒலிம்பிக்குக்குப் போகாததைப் போலவே. அவர்களுக்குத் தோள்வலி வராத ஒரு நாற்காலி, மூச்சுவாங்க விளையாடிக் களைக்கும் ஒரு மாலை, சமவயதுத் தோழர்கள் ஆகியவை கிடைத்தால் அதுவே உடலுக்கும் மனத்துக்கும் நல்லது. சிறுநீரகமும் எடையும் தோலும் இவர்களுக்கு வாழ்நாள் முழுதும் கவனம் வேண்டுபவை. ஒழுங்கான உடற்பயிற்சியால் எடை கட்டுக்குள் இருக்கும் என்பதும், ஓரிடத்திலேயே அசையாமல் அமர்ந்திருப்பது தோலுக்குக் கேடு என்பதும் மருத்துவத்தில் ஐயத்துக்கு இடமில்லாதவை.

ஆகவே அந்த இரவில் நடந்தது அவருடைய உழைப்பு வீண் என்பதைக் காட்டுவதாக நான் கருதவில்லை. ஆள் வந்து சாய்தளம் வைத்தால்தான் இறங்க முடியும் என்ற ஏற்பாடு, ஒருவர் மறந்தாலே முறிந்துவிடும் என்பதைக் காட்டுகிறது. மாற்று வழி கற்பனையானதும் அல்ல. பிரிட்டனிலேயே லிவர்பூல் பகுதியில் 2023இல் ஓடத் தொடங்கிய மெர்சிரெயிலின் புதிய ரயில்களில் தரை நடைமேடைக்கு இணையான உயரத்தில் இருக்கிறது. கதவு திறக்கும்போது இடைவெளியை மூடும் தகடு ஒன்று தானாக வெளியே நீள்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவர் எவரையும் கூப்பிடாமல், முன்கூட்டியே சொல்லிவைக்காமல், தாமே ஏறி இறங்குகிறார். பயிற்சிக்குச் செல்பவர் அன்று மாலை எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைத் தம் களைப்பைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.